தோட்டத்துச் சாளைக்குக் காவல்: ஊரும் போலீஸும் மில்லும் எப்படிச் சேரலாம்?

உங்கள் கேள்வி இதுதான் தம்பி: காங்கயம் பக்கம் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக்கு நடுவே இருக்கும் தனி வீட்டில், அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்கள், உங்களுக்குக் கோயம்புத்தூரில் வேலை. முதிய தம்பதி கொல்லப்பட்ட சிவகிரிச் சம்பவத்துக்குப் பிறகு ஊர்ப் பையன்கள் சேர்ந்து இரவில் ரோந்து போகலாம் என்கிறார்கள். பக்கத்து ஸ்பின்னிங் மில்காரர் கேமரா வைக்கப் பணம் தருவதாகச் சொல்கிறார். ஸ்டேஷனில் கேட்டால் ‘நல்ல விஷயம், செய்யுங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். இது சட்டப்படி சரிவருமா, எங்கிருந்து தொடங்குவது?

நான் காவல்துறையின் மேற்கு மண்டலத்தில் பல ஸ்டேஷன்களில் இருந்து சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவள். தெரிந்ததை முழுசாகவே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துப் படியுங்கள்.

சுருக்கமான பதில் முதலில். சேரலாம், சேரவும் வேண்டும். ஆனால் கம்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு கிளம்புகிற படை வேண்டாம். ஊர்க்காரர்கள் தர வேண்டியது தகவலும், அன்றாடம் எட்டிப் பார்க்கிற அக்கறையும். நிறுத்தி விசாரிப்பதும் பிடிப்பதும் போலீஸ் வேலை. மில் தர வேண்டியது கேமராவும் அதைப் பராமரிக்க ஒரு ஆளும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் எவ்வளவு நல்ல மனசோடு தொடங்கினாலும் கெட்டுப்போகும். அப்புறம், புதிதாக எதையும் கண்டுபிடிக்கவும் தேவையில்லை. தன்னார்வலர்களுக்குச் சட்டமே ஒரு இடம் போட்டு வைத்திருக்கிறது. யாரும் போய்க் கேட்காததால் அது காலியாகக் கிடக்கிறது.

நடந்ததை ஒரு முறை நினைவுபடுத்திக்கொள்வோம். 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் அப்பா, அம்மா, மகன் மூவரும் கொல்லப்பட்டார்கள். ஐந்து மாதம் கழித்து ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்தில் இருந்த முதிய தம்பதி. வெளியூரில் இருந்த பிள்ளைகள் போன் அடித்து யாரும் எடுக்காமல், உறவினரைப் போய்ப் பார்க்கச் சொன்ன பிறகுதான் 2025 மே முதல் தேதி விஷயமே வெளியே வந்தது. அதற்குள் சில நாட்கள் ஓடியிருந்தன. அதே மாதம் கைதுகள் நடந்தன. பல்லடம் வழக்கிலும் அவர்களுக்குத் தொடர்பு உண்டு என்று காவல்துறை அறிவித்தது. கைதானவர்கள் ஈரோடு மாவட்டத்துக்காரர்கள். நாட்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை என்பதையும், கைதானவர்கள் தூர தேசத்திலிருந்து வந்தவர்கள் இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதில் பாதி இந்த இரண்டிலிருந்து வருவதுதான்.

நம் பக்கத்து ஊர் அமைப்பே வேறு. தஞ்சாவூர்ப் பக்கம் வீடுகள் தெருவில் ஒட்டி நிற்கும், வயல் தள்ளி இருக்கும். இங்கே கிணறு எங்கேயோ அங்கேதான் வீடு. ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவில் தென்னந்தோப்பு, சோளக்காடு, மேய்ச்சலுக்கு விட்ட கொரங்காடு. கிளுவை வேலிக்கு நடுவே இட்டேரி என்கிற மண்பாதையில் போனால்தான் பக்கத்து வீடு. கூப்பிட்டால் கேட்காத தூரம். ஒரு காலத்தில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. பண்ணையத்து ஆள் குடும்பத்தோடு தோட்டத்திலேயே இருப்பார், பால் கறக்க ஒருவர் வருவார், பெரியப்பா வீடும் சித்தப்பா வீடும் அதே காட்டுக்குள் இருக்கும். இப்போது பிள்ளைகள் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ. ஆட்கள் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். பண்ணையத்தைச் சுருக்கிக்கொண்டு வயசானவர்கள் இரண்டு பேர், ஒரு நாய், நான்கு ஆடு.

ஸ்டேஷன் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கிராமப்புற ஸ்டேஷன் ஒன்றுக்குக் குக்கிராமங்கள் ஏராளம். இரவில் ஒரு ஜீப், ஓரிரண்டு பைக் ரோந்து. சிவகிரிக்குப் பிறகு மேற்கு மண்டலத்தில் தோட்டத்து வீடுகளில் தனியாக இருப்பவர்களைக் கணக்கெடுத்தார்கள், ரோந்தையும் கூட்டினார்கள். அது உண்மையான உழைப்பு. ஆனால் தேர் நோம்பி, தேர்தல், தலைவர்கள் வருகை என்று ஒரு பந்தோபஸ்து வந்தால் முதலில் ஆளை எடுப்பது இந்த ரோந்திலிருந்துதான். ஆகவே ரோந்தை மட்டும் நம்பி இருக்க முடியாது என்ற உங்கள் பயம் நியாயமானது.

சரி, சட்டத்துக்கு வருவோம். 2007-இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சோறு போடாத மகனுக்கு எழுதிக்கொடுத்த சொத்தை ரத்து செய்ய வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கும் சட்டம் என்றுதான் ஊரில் தெரியும். அதன் விதிகளில் மூத்தவர்களின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டேஷனும் தன் எல்லையில் உள்ள மூத்த குடிமக்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும், குறிப்பாகத் தனியாக இருப்பவர்களை. போலீஸ்காரர் ஒருவர், ஒரு சமூகப் பணியாளரையோ தன்னார்வலரையோ கூட்டிக்கொண்டு, மாதம் ஒரு முறையாவது அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தன்னார்வலர் குழு அமைக்க வேண்டும். வேலைக்கு வருபவர்களின் பின்னணியைக் கேட்டால் உடனே சரிபார்த்துத் தர வேண்டும்.

கவனித்தீர்களா? ‘போகலாம்’ என்று இல்லை, ‘போக வேண்டும்’. அதுவும் ஊர்க்காரர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு. உங்கள் பையன்கள் தேடுகிற இடம் இதுதான். ‘நாங்கள் ரோந்துக் குழு அமைக்கிறோம், அனுமதி கொடுங்கள்’ என்று போனால் எந்த இன்ஸ்பெக்டரும் எழுத்தில் எதுவும் தரமாட்டார், தரவும் கூடாது. ‘மூத்த குடிமக்கள் சட்ட விதிப்படி எங்கள் ஊருக்குத் தன்னார்வலர் குழு வேண்டும், மாதாந்திரப் பார்வைக்கு எங்கள் பெயர்களைப் பரிசீலியுங்கள்’ என்று மனு கொடுத்தால் பேச்சே மாறிவிடும். மனுவை இன்ஸ்பெக்டர் பெயருக்கு எழுதி, நகலை டி.எஸ்.பி.க்கும் எஸ்.பி.க்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் அனுப்புங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள். பதில் இல்லாவிட்டால் புதன்கிழமை எஸ்.பி. ஆபீசில் நடக்கும் குறைதீர் முகாமுக்கோ, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர் நாளுக்கோ அதே மனுவை எடுத்துக்கொண்டு போங்கள். சண்டை போடுகிற தொனி வேண்டாம். ‘உங்கள் வேலைக்கு உதவி செய்ய வந்திருக்கிறோம்’ என்ற தொனியே அதிகம் சாதிக்கும்.

அந்த மாதாந்திரப் பார்வை எப்படி இருக்க வேண்டும் என்பதை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் சடங்காக ஆக்கிவிடுவார்கள். ஜீப் வாசலில் நிற்கும், இறங்காமலே ‘ஏதாச்சும்னா போன் பண்ணுங்க’ என்று சொல்லிவிட்டு, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடும். அது பார்வையே இல்லை. இறங்கித் திண்ணையில் உட்கார வேண்டும். அந்த அம்மா மோர் கொடுத்தால் வாங்கிக் குடிக்க வேண்டும். பத்து நிமிஷம் பேசினால் தேங்காய் விலையிலிருந்து தொடங்கி, ‘போன வாரம் பழைய இரும்பு கேட்டு ஒருத்தன் வந்தான், போர் மோட்டாரை எங்க வெச்சிருக்கீங்கன்னு கேட்டான்’ என்பது வரை வந்துவிடும். ஆண் போலீசிடம் சொல்லாததைப் பெண் போலீசிடம் ஆத்தாமார் சொல்வார்கள் என்பதை நான் பல வருஷம் பார்த்திருக்கிறேன். ஆகவே பெண் காவலரையும் அனுப்பும்படி மனுவிலேயே கேளுங்கள். உங்கள் குழுவிலிருந்து கூடப் போகிறவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

பேசிக்கொண்டே கண்ணால் பார்க்க வேண்டியவை சில. பின்கதவுத் தாழ்ப்பாள் ஆடுகிறதா? சாவியை ஆட்டுக்கல்லுக்கு அடியில் வைக்கிறார்களா? மாடு கட்டும் கட்டுத்தரையில் விளக்கு எரிகிறதா, அதன் சுவிட்ச் வீட்டுக்குள் இருக்கிறதா வெளியிலா? செல்போனில் சார்ஜ் இருக்கிறதா, முதல் எண்ணாக யாருடையது இருக்கிறது? போலீசின் ‘காவல் உதவி’ செயலி நல்லதுதான், ஆனால் பட்டன் போன் வைத்திருக்கும் அப்பாவுக்கு அது எதற்கு? அவருக்கு 112 மனப்பாடமாக இருந்தால் போதும். நகையை லாக்கருக்கு மாற்றுங்கள் என்று மகன் சொன்னால் கேட்காத அம்மா, இரண்டு மாதம் பழகிய பெண் போலீஸ் சொன்னால் கேட்பார். நாய் திடீரென்று செத்துப்போயிருந்தால் அதையும் தகவலாக எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஸ்டேஷனில் சொல்லுங்கள். நாய்க்கு முதலில் விஷம் வைப்பது பழைய திருட்டு முறை.

ரோந்து வரும் வழியில் பட்டா புத்தகம் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். குறிப்பிட்ட இடங்களில் ஒரு நோட்டு வைத்து, இரவில் வரும் போலீஸ் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற முறை அது. நகரங்களில் இப்போது அதைச் செல்போனில் செய்கிறார்கள். உங்கள் ஊருக்கு நோட்டே போதும். இட்டேரியின் உள்கோடியில் இருக்கும் சாளையின் கேட்டில், நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கவிடுங்கள். தார் ரோட்டு ஓரத்தில் வைத்தால் ஜீப் உள்ளே வராது.

இனி நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது. சிவகிரியில் நாட்கணக்கில் யாருக்கும் தெரியாமல் போனது நடந்த கொடுமைக்கு மேல் இன்னொரு கொடுமை. மாதம் ஒரு முறை வரும் போலீசால் அதைத் தடுக்க முடியாது. தினமும் ஒருவர் பார்க்க வேண்டும். அந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர் உங்கள் ஊர்ப் பால் சொசைட்டிச் செயலாளர். எந்தத் தோட்டத்திலிருந்து இன்றைக்குப் பால் வரவில்லை என்பது காலை ஏழு மணிக்கெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். மாடு இல்லாத வீட்டுக்கு, வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் இருக்கிறார். பால் வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்றால் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குச் சொல்ல வேண்டும், அவர் அரை மணி நேரத்தில் போய் வாசலில் நின்று கூப்பிட வேண்டும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. தபால்காரர், ரேஷன் கடைக்காரர், கறிக்கோழிப் பண்ணைக்குத் தீவனம் ஏற்றிவரும் வண்டி டிரைவர், மின்வாரியக் கணக்கெடுப்பாளர் எல்லோரும் இதே மாதிரி கண்கள்தான். அவர்களை ஒரு முறை உட்காரவைத்து, எதைப் பார்த்தால் யாருக்குச் சொல்வது என்று பேசி முடித்தாலே பாதிக் காவல் வந்துவிட்டது.

அடுத்து, பையன்களின் ரோந்துக்கு வருகிறேன். அவர்கள் மனசு எனக்குப் புரிகிறது. தன் தாத்தா பாட்டி வயசுக்காரர்கள் அப்படிச் சாவதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஆனாலும் சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு தனி ஆளுக்கும் கைது செய்யும் உரிமை தருகிறது. எப்போது? தன் கண் முன்னால் ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்தை ஒருவன் செய்யும்போது, அல்லது அவன் நீதிமன்றம் தேடப்படுபவனாக அறிவித்த ஆளாக இருந்தால். பிடித்தவரைத் தாமதமில்லாமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்தாக வேண்டும். ‘சந்தேகமாக நின்றான்’ என்பதற்காகப் பிடிக்க உரிமை கிடையாது. வண்டியை மறித்துச் சாவியைப் பிடுங்குவது, ஆதார் கேட்பது, போனை வாங்கிப் பார்ப்பது, மரத்தில் கட்டுவது, அடிப்பது எல்லாமே குற்றம். அதில் வழக்கானால் வெளிநாடு போகக் காத்திருக்கும் பையனின் பாஸ்போர்ட்டிலிருந்து அரசு வேலை வரைக்கும் போய்விடும்.

இது வெறும் சட்டப் பயம் காட்டுவது இல்லை. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிய சமயத்தில், போளூர் அருகே கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த சென்னைப் பெண்மணி ஒருவரைக் கும்பல் அடித்தே கொன்றது. அடித்தவர்களும் ஊரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள். இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 103-ஆம் பிரிவில், ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சாதி, மொழி, பிறந்த இடம் போன்ற காரணத்துக்காக ஒருவரைக் கொன்றால், கும்பலில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ உண்டு. இருட்டில், தூக்கக் கலக்கத்தில், கையில் கம்போடு இருபது வயசுப் பையன்கள் பதினைந்து பேர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

போலீசோடு சேர்ந்தே போகிறோம் என்றால் என்ன என்று கேட்பீர்கள். அதற்கும் தமிழ்நாட்டில் வரலாறு இருக்கிறது. 1993-இல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் ‘போலீஸ் நண்பர்கள் குழு’வைத் தொடங்கினார். போலீசுக்கும் மக்களுக்கும் நடுவில் இருந்த பயத்தை உடைப்பதுதான் நோக்கம். மாநிலம் முழுக்கப் பரவியது, நல்ல பெயரும் வாங்கியது. ஆனால் போகப் போகப் பல ஸ்டேஷன்களில் அந்த இளைஞர்கள் ஆள் பற்றாக்குறைக்கு நிரப்பும் ஆட்களாக மாறினார்கள். வண்டிச் சோதனையில் நிற்பது, இரவில் ஸ்டேஷனில் இருப்பது என்று. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் காவலில் அடிக்கப்பட்டு இறந்தபோது, இந்தக் குழுவினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் அரசு அந்தக் குழுவையே தடை செய்தது. பொறுப்பு இல்லாமல் அதிகாரத்தின் ருசியை மட்டும் கொடுத்தால் அது அங்கேதான் போய் முடியும்.

அப்போது டி.ஜி.பி.யாக இருந்தவர் ஜே.கே.திரிபாதி. இவரே 1999 வாக்கில் திருச்சி கமிஷனராக இருந்தபோது செய்தது வேறு மாதிரி. நகரத்தைச் சின்னச் சின்னப் பீட்டுகளாக, அதாவது ரோந்துப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நிரந்தரமாகக் காவலர்களைப் போட்டார். தெருக்காரர்களுக்குத் தங்கள் காவலரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தது. புகார்ப் பெட்டிகள் வைத்தார். மக்களுக்கு அவர் லத்தி கொடுக்கவில்லை, போலீசைத்தான் தெருவுக்குள் பழகவிட்டார். பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் கேரளத்தில் 2008-இலிருந்து நடக்கும் ஜனமைத்ரி போலீஸ் திட்டமும் இதே தடம்தான். பீட் அதிகாரி வீடு வீடாகப் போய் அறிமுகமாகிறார். நம் கோயம்புத்தூரில் 2022-இல் தொடங்கிய ‘போலீஸ் அக்கா’ திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்கு ஒரு பெண் காவலர், அவர் பெயர், போன் எண், முகம் எல்லாம் மாணவிகளுக்குத் தெரியும். ஸ்டேஷனுக்குப் போகத் தயங்கும் பெண், அக்காவிடம் பேசிவிடுவாள். உங்கள் ஊருக்கும் அந்த மாதிரி பெயரும் முகமும் தெரிந்த ஒரே ஒரு காவலர் போதும்.

சீருடை போட்டு இரவில் போலீசோடு நிற்க வேண்டும் என்று எந்தப் பையனாவது துடித்தால் ஊர்க்காவல் படையில் சேரட்டும். அதற்கு 1963-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது, பயிற்சி உண்டு, பணி நாளுக்குப் படி உண்டு, தவறு செய்தால் கேட்க மேலே அதிகாரி உண்டு. எஸ்.பி. ஆபீசில் கேட்டால் எப்போது ஆள் எடுப்பார்கள் என்று சொல்வார்கள். மற்ற பையன்களுக்குப் பகலிலேயே ஏகப்பட்ட வேலை இருக்கிறது. எரியாத தெருவிளக்குக் கம்பங்களின் எண்ணைக் குறித்துப் பஞ்சாயத்தில் கொடுப்பது, இட்டேரியில் வழியை மறைக்கும் முள்ளை வெட்டுவது, பெரியவர்களின் போனில் எண்களைப் போட்டுத் தருவது. தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போகிறவர்களின் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பல ஊர்களில் போலீசும் இளைஞர்களும் சேர்ந்தே செய்கிறார்கள். அந்த மாதிரி வேலையில்தான் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வார்கள்.

குழுவில் யார் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காட்டுக்காரர்கள், அதாவது தோட்டம் வைத்திருப்பவர்கள், மட்டும் உட்கார்ந்திருக்கும் குழு வேண்டாம். எந்தத் தோட்டத்தில் மோட்டார் ஒயர் திருடு போனாலும் முதல் சந்தேகம் கூலிக்கு வருபவர் மேல், அதிலும் அருந்ததியர் குடியிருப்பில் இருப்பவர் மேல் விழுவதை நான் பணியில் இருந்த காலம் முழுக்கப் பார்த்தேன். பெரும்பாலும் அது தவறாகவே இருக்கும். உண்மையில் தோட்டத்துக்கு அந்நியர் வந்துபோவதை முதலில் கவனிப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் குழுவில் சமமாக உட்கார்ந்தால் தகவல் வரும். சந்தேகப் பட்டியலில் வைத்தால் வாயைத் திறக்கமாட்டார்கள், அதில் நியாயமும் உண்டு.

வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்கள் விஷயமும் இதேதான். 2023 மார்ச் மாதம் தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியபோது திருப்பூர் ரயில்வே ஸ்டேஷனில் ஊருக்குப் போகக் கூட்டம் கூடியது நினைவிருக்கும். பீகார் அரசின் குழு திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்தப் பயத்தை அடக்கியது எது? போலீஸ் இந்தியில் பேசி உதவி எண் கொடுத்தது, கம்பெனிக்காரர்கள் ஆட்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசியது. அந்தக் கூட்டு முயற்சியை ஆபத்து வரும்போது மட்டும் செய்யாமல் எப்போதும் வைத்துக்கொள்ளலாம். மில் நைட் ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் அதே ரோட்டில் நடந்து ரூமுக்குப் போகிற ஒடிசாப் பையன் பார்ப்பதை, தூங்கிக்கொண்டிருக்கும் நாம் பார்க்கப்போவதில்லை. விடுதி மேஸ்திரி ஒருவரையும் தொழிலாளி ஒருவரையும் குழுவில் சேருங்கள். மில் தன் ஆட்களைத் தொழிலாளர் துறையில் முறையாகப் பதிந்து, விவரத்தை ஸ்டேஷனில் கொடுத்திருந்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இப்போது மில்காரரின் கேமரா. அவர் முன்வந்தது பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் கேமரா வாங்குவது இதில் சின்னச் செலவு, அதை உயிரோடு வைத்திருப்பதுதான் பெரிய செலவு. கேமரா இருந்தும் ஒன்றும் கிடைக்காத வழக்குகள் எத்தனையோ. ஆபீஸ் மூலையில் பஞ்சுத் தூசி படிந்து, கேமராப் படத்தைப் பதியும் டி.வி.ஆர். பெட்டி இருக்கும். திறந்து பார்த்தால் கடிகாரம் நாற்பது நிமிஷம் பின்னால் ஓடும், நான்கு கேமராவில் ஒன்றில் சிலந்தி வலை, ஹார்டு டிஸ்க் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. சம்பவம் நடந்து பத்து நாள் கழித்துக் கேட்கப் போனால் பழைய பதிவு மேல் புதுப் பதிவு ஏறியிருக்கும்.

எனவே பணம் வாங்குவதற்கு முன் இதையெல்லாம் மில்காரரோடு எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள் கண்ணாடி துடைத்து, நேரம் சரிபார்த்து, ஒரு நோட்டில் கையெழுத்துப் போட மில்லின் எலக்ட்ரீஷியன் ஒருவர். குறைந்தது முப்பது நாள் பதிவு நிற்கும் டிஸ்க். கரண்ட் போனால் ஓட யு.பி.எஸ். அல்லது சோலார், ஏனென்றால் திருடன் முதலில் பியூஸைத்தான் பிடுங்குவான். கேமராவைச் சாளை வாசலில் வைப்பதைவிட இட்டேரி தார் ரோட்டில் சேரும் முனையிலும் வாய்க்கால் பாலத்திலும் வையுங்கள். எந்த வண்டியும் அந்த இடங்களைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். சாதாரண கேமராவில் இரவு ஹெட்லைட் வெளிச்சத்தில் நம்பர் பிளேட் வெறும் வெள்ளையாகத்தான் தெரியும். ஒன்றாவது நம்பர் பிளேட் படிப்பதற்கென்றே வரும் வகையாக இருக்கட்டும். பெண்கள் துணி துவைக்கும் இடம், யார் வீட்டு முற்றமும் படத்தில் விழக்கூடாது.

நீதிமன்றத்துக்கு வரும்போது இன்னொன்று இருக்கிறது. கேமராப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அந்தக் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் ஒரு பகுதியில் கையெழுத்துப் போட வேண்டும், நிபுணர் ஒருவர் இன்னொரு பகுதியில். அதாவது மில் மேனேஜர் சாட்சியாகக் கோர்ட்டுக்கு வர வேண்டியிருக்கலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சம்பவத்துக்குப் பிறகு தெரிந்தால் ‘கேமரா ரிப்பேர்’ என்று சொல்லிவிடுவார்கள். பயத்தில் சொல்வதுதான், கெட்ட எண்ணம் இல்லை.

பணத்தை யாரும் ஸ்டேஷனில் கொடுக்காதீர்கள். பேரிகார்டு, நாற்காலி, ஏ.சி. என்று ஸ்டேஷனுக்கு வாங்கித் தருவதும் வேண்டாம். நாளைக்கு அதே மில்லில் ஒரு பெண் தொழிலாளி புகாரோடு ஸ்டேஷனுக்கு வருகிறாள் என்று வையுங்கள். மில் பெயர் எழுதிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அந்தப் புகாரை எப்படி எழுதுவது? பணம் ஊர்ச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வரட்டும், கேமரா சங்கத்தின் சொத்தாக இருக்கட்டும், வரவு செலவைக் கிராம சபையில் படியுங்கள். மில் தனியாகக் காவலுக்கு ஆள் போட விரும்பினால், 2005-ஆம் வருஷத் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி உரிமம் பெற்ற ஏஜென்சி வழியாகத்தான் போட வேண்டும். உங்கள் பையன்களுக்குச் சம்பளம் கொடுத்துக் காவல் நிற்க வைப்பது சரிப்படாது.

வாட்ஸ்அப் குழு பற்றி ஒரு எச்சரிக்கை. எந்தத் தோட்டத்தில் யார் தனியாக இருக்கிறார்கள், பிள்ளைகள் எப்போது வருவார்கள் என்ற பட்டியலைத் தயவுசெய்து எந்தக் குழுவிலும் போடாதீர்கள். திருடனுக்கு அதைவிட நல்ல வரைபடம் கிடையாது. பட்டியல் ஸ்டேஷன் பதிவேட்டில் ஒன்று, குழுவின் பொறுப்பாளர் வீட்டில் கையால் எழுதிய நோட்டில் ஒன்று, அவ்வளவுதான். ‘அப்பா அம்மாவைத் தனியா விட்டுட்டு வந்திருக்கேன்’ என்று உறவுக்காரர் குழுவில் எழுதுவதையும் நிறுத்துங்கள். சந்தேகப்படும் ஆளின் போட்டோவைக் குழுவில் போடக் கூடாது என்பதை முதல் விதியாக வையுங்கள். வண்டி எண்ணும் நேரமும் நேராக பீட் காவலருக்குப் போகட்டும். அவசரம் என்றால் 112.

இந்த மாதமே தொடங்குவதானால், முதலில் பால் சொசைட்டிச் செயலாளரைப் பாருங்கள், அடுத்து பக்கத்துத் தோட்டத்துக்காரர், அதற்கப்புறம் மனு. கேமரா மூன்றாவது மாதம் வரட்டும், அவசரமில்லை. உங்கள் அப்பா அம்மாவிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். அவர்களைக் கேட்காமல் பட்டியலில் சேர்த்து, திடீரென்று வாசலில் போலீஸ் வந்து நின்றால் ‘என்னமோ ஆயிப்போச்சு’ என்று ஊரே பேசும், அவர்களும் கூசிப்போவார்கள்.

இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போகும்போதுதான் இப்படிப்பட்ட குழுக்கள் பெரும்பாலும் நின்றுபோகின்றன. அதற்காகத்தான் எல்லாவற்றையும் எழுத்தில் வைக்கச் சொல்கிறேன். புதியவர் சார்ஜ் எடுத்த வாரமே, மனுவின் நகல், ரசீது, பார்வை நோட்டு, கேமரா பராமரிப்பு நோட்டு நான்கையும் எடுத்துக்கொண்டு குழுவிலிருந்து இரண்டு பேர் போய் அறிமுகமாகுங்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். மனுவை எழுதிவிட்டு எனக்கு அனுப்புங்கள் தம்பி, பார்த்துத் திருத்தித் தருகிறேன்.